பொய்ச் சத்தியம்

கரியாலூரிலிருந்து அருவிக்குப் போகிற வழியில், மரவள்ளிக் காட்டு ஓரமாக ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. காசியம்மாள் அந்தப் பக்கம் போவதே இல்லை. ஆடு மேய்க்கப் போனாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

காரணத்தை முதலில் கேட்டவன் கள்ளக்குறிச்சி ஜெயப்பிரகாஷ். ஊர் ஊராகப் போய் யாருக்கும் தெரியாத வரலாற்றைக் கேட்டு யூடியூபில் போடுகிறவன். கெட்டவன் இல்லை. சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது வருஷம் இந்த மலை ஜாகீர்தார்கள் கையிலேயே இருந்ததும், மலைச்சனங்கள் அவர்கள் நிலத்தைக் கூலியில்லாமல் உழுததும் கீழே சமவெளியில் பாதிப் பேருக்குத் தெரியவில்லையே என்று அவனுக்கு ஆதங்கம்.

காசியம்மாள் சொன்னாள். அவள் சிறுமியாக இருந்தபோது அவள் அப்பா காய்ச்சலில் படுத்து, ஜாகீர் உழவுக்குப் போகவில்லை. ஜாகீருக்கு வரி வசூலிக்கும் தண்டல்காரர் ஆள் விட்டு அவரை இழுத்து வரச் சொல்லி, அந்தப் பாறைமேல் குனிய வைத்து முதுகில் கல்லை ஏற்றினார். பொழுது சாயும் வரை இறக்கவில்லை. வீட்டுக்குத் தூக்கி வந்தபோது வாயில் ரத்தம். அந்த வாரமே போய்விட்டார். தண்டல்காரர் பெயரையும் சொன்னவள், சட்டென்று ஜெயப்பிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேர மட்டும் போட்றாதப்பா. எம் பொண்ணு அந்த வூட்லதான் வாக்கப்பட்டுக்கீறா."

அவள் மகள் கோகிலவாணி, தண்டல்காரரின் பேரன் கவியரசனை விரும்பித்தான் கட்டிக்கொண்டாள். அப்போது காசியம்மாள் காரணம் சொல்லாமலே கொஞ்ச நாள் மறுத்துப் பார்த்தாள். பிறகு தன் வாயை மூடிக்கொண்டு மகளைக் கொடுத்தாள்.

ஜெயப்பிரகாஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வீடியோவில் பெயர் எங்கேயும் வரவில்லை. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கெஞ்சியதை அப்படியே விட்டுவைத்தான். பார்க்கிறவர்கள் கலங்குவார்கள் என்று நினைத்தான். கலங்கவும் செய்தார்கள். அவள் மகள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது மலை முழுக்கத் தெரியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பைக்கில் வந்தவர்கள் பாறையில் குனிந்து, முதுகில் கல்லை வைத்துப் போட்டோ எடுத்தார்கள். கவியரசனின் அப்பா பச்சமுத்துவைக் கண்டால் டீக்கடையில் பேச்சு நின்றது. அவர் மகள் இலக்கியாவுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தமும் தள்ளிப்போனது. பச்சமுத்து மருமகளையும் கைக்குழந்தையையும் தாய்வீட்டுக்கு அனுப்பினார். காசியம்மாள் காளி கோயிலில் கற்பூரம் அணைத்து, தான் சொன்னது பொய் என்று சத்தியம் செய்தால் மருமகளைத் திரும்ப அழைத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். கவியரசன் அப்பாவைத் தடுக்கவில்லை.

கோகிலவாணி அம்மாவைத் தடுத்தாள். காசியம்மாள் கேட்கவில்லை. "செத்தவரு செத்துட்டாரு. நீ வாழ வேண்டியவ," என்றாள்.

ஊர் கூடியிருந்தது. காசியம்மாள் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, எங்கப்பா காய்ச்சலில்தான் செத்தார், யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

கோகிலவாணி கணவன் வீட்டுக்குத் திரும்பினாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், மாமனாருக்கும் கவியரசனுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒங்கம்மா மேல எனக்குக் கோவம் இல்லம்மா. எங்கப்பன் சாவற வரைக்கும் ஒங்க தாத்தா முதுவுல கல்ல ஏத்தினதப் பத்திதான் பொலம்பிக்கினு கெடந்தாரு."

கோகிலவாணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப தெரிஞ்சேதான் எங்கம்மாவ சத்தியம் பண்ண வெச்சீங்களா, மாமா?"

"ஊர் வாய மூட வேற இன்னா பண்றது? நாங்களும் பொண்ண வெச்சிக்கினு கீறோம்."

அவள் கவியரசனைப் பார்த்தாள். அவன் பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மாற்றுத்துணிகூட எடுக்காமல் அவள் வெளியே நடந்தாள்.

மகள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் காசியம்மாள் அவளை அடித்தாள். அதுவரை மகள்மேல் அவள் கை பட்டதில்லை. இதற்காகவா சாமி முன்னால் பொய் சொன்னேன் என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். கோகிலவாணி குழந்தைமேல் படாமல் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

கவியரசன் கூப்பிட வந்தான். அதே கோயிலில், அதே சனங்கள் முன்னால் உங்கள் தாத்தா செய்ததை நீங்களே சொல்லிவிட்டு வந்தால் உடனே கிளம்புகிறேன் என்றாள் அவள். அவன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனான். மறுபடி வரவில்லை. ஜெயப்பிரகாஷ் வீடியோவை நீக்கிவிட்டான். அதற்குள் பலர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

தை மாதம் இலக்கியாவுக்குக் கல்யாணம் நடந்தது. மேளச் சத்தம் காசியம்மாள் வீடு வரை கேட்டது. தாயும் மகளும் வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்காச்சும் அந்த வூட்ல போய் நின்னிருக்கலாம்," என்றாள் காசியம்மாள்.

கோகிலவாணி முறத்தில் இருந்த உமியை ஊதினாள்.