ஒரு ஸ்கூட்டி விலை

கீர்த்தி ஸ்கூட்டியை விற்று ஒரு கேமரா வாங்கினாள். சட்டைப்பையில் அடங்கிவிடும் கேமரா. ஆனாலும் லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா புஷ்பவல்லி, மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள்: "வண்டிய வித்து சோப்பு டப்பா வாங்கினு வந்துகீது எம் பொண்ணு." அன்றுமுதல் கீர்த்தி திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ராயபுரம் கேரம் கிளப்பில் பெண்கள் இறுதி ஆட்டம் வந்தது. ஜெயிப்பவளின் படம் தெருமுனையில் இருபதடி ஃப்ளெக்ஸாக நிற்கும். செயலாளர் பகலவன் அதற்கு அமர்த்தியிருந்தது திருமுருகனை. அவன் லென்ஸ் பீரங்கி மாதிரி இருக்கும். கெஞ்சிக் கேட்ட கீர்த்தியையும் ஓரமாக நின்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். எது நன்றாக வருகிறதோ அதுதான் ஃப்ளெக்ஸ். அந்த ஒரு படம் அமையாவிட்டால் அம்மா சொன்னதே சரி என்றாகிவிடும்.

கேரம் போர்டுக்கு மேலே விளக்கு தாழத் தொங்கும். திருமுருகன் குனிந்தபோதெல்லாம் பீரங்கியின் நிழல் காய்கள்மேல் விழுந்தது. பொறுத்துப் பார்த்த நடுவர் அவனைச் சுவரோரம் அனுப்பிவிட்டார். அங்கிருந்து அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்தின் தலைகள்தான்.

கீர்த்தி நீள லென்ஸைக் கழற்றி, பிஸ்கட் கனத்தில் ஒன்றை மாட்டினாள். கிளப்பின் ஆட்டக்காரி ஜெயஸ்ரீக்கு எதிர்மூலையில் மண்டியிட்டு, போர்டின் மரச்சட்டத்தோடு சட்டமாகக் கேமராவைப் பிடித்தாள். நிழல் இல்லை, சத்தமும் இல்லை. நடுவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சிவப்புக் காய் விழுந்துவிட்டது. அடுத்த அடியிலேயே வெள்ளை ஒன்றைப் போட்டால்தான் அது செல்லும், கோப்பையும் ஜெயஸ்ரீக்கு. கடல் அலையடிக்க மறந்ததுபோல் கூடம் அடங்கியது. அவள் சுண்டினாள். போர்டில் தூவியிருந்த மாவு பொங்கியது. வெள்ளைக்காய் குழியின் உதட்டில் தொங்கிய கணத்தில் கீர்த்தி அழுத்தினாள்.

கிளப்பே கோப்பையைத் தூக்கிக்கொண்டு கூத்தாடியது. திருமுருகன் மட்டும் படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"டப்பா கேமரா மாமு. ஃப்ளெக்ஸுல ஏத்துனா மூஞ்சி புள்ளி புள்ளியா பூடும்."

பகலவனுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் திருமுருகனிடம் இருந்தவை வெறும் தலைகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீர்த்தி வந்த ஷேர் ஆட்டோ தெருமுனையில் திரும்பியதும் டிரைவர் தானாகவே பிரேக் அடித்தார். ஃப்ளெக்ஸில் ஒரு புள்ளிகூட உடையவில்லை. ஜெயஸ்ரீயின் இமையில் ஒட்டிய மாவு துகள் துகளாகத் தெரிந்தது. கருவிழிக்குள் அந்த விளக்கு தொங்கியது. துறைமுகத்துக் கிரேன்களையும் சேர்த்து ஜெயித்தவள்போல் அவற்றுக்கு நேராக நின்றாள். கீழே மீன் கூடையோடு அம்மா, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு எடுத்தது. அது இன்னா பெரிய வண்டி, ஓட்ட வண்டி."

பைக்கை ஓரம்கட்டி வந்த திருமுருகன் கேமராவைக் கேட்டு வாங்கினான். அவன் உள்ளங்கையில் அது காணாமலே போயிற்று. லென்ஸைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான்.

"இன்னா வெல, கீர்த்தி?"

"ஒரு ஸ்கூட்டி."

திருமுருகன் திரும்பித் தன் பைக்கை ஒரு முறை பார்த்தான்.