வேர்த்த கண்ணாடி

அண்ணன் வேம்புலியின் மூக்கருகே அங்கம்மா முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்தாள். கண்ணாடியில் மூச்சின் ஆவி படியவில்லை.

"போதும் பொண்ணே," என்றார் துலுக்கானம் மாமா. "மோளத்துக்கு ஆள் அனுப்பட்டுமா?"

சாவு வீடென்றால் மாமாவுக்கு இருப்புக் கொள்ளாது. பாடைக்கு மூங்கில் எங்கே வெட்டுவது என்பது வரை மனசுக்குள் முடிவாகியிருக்கும். நல்ல மனுஷர்தான், அவசரம்தான் பொல்லாதது.

"அண்ணி வர்ற வரைக்கும் பொறு மாமா. இன்னா அவசரம்?"

"வெயிலு எப்டி கீது பாரு. எத்தினி நேரம் போட்டு வச்சிருப்பே?"

யுத்தத்துக்காக ஆவடியில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டதிலிருந்து வேம்புலி அங்கே ஐஸ் கொட்டகையில் பாளம் தூக்கிக்கொண்டிருந்தான். இன்று காலை பாளங்களை லாரியில் ஏற்றிவிட்டு வெயிலில் நடந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். கூட்டாளிகள் முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு வண்டியில் கொண்டுவந்து போட்டு, தலைக்கு வைக்கச் சொல்லி ஒரு துண்டு ஐஸைச் சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாளெல்லாம் ஐஸைக் கட்டிக்கொண்டு கிடந்தவனை வெயில் கொண்டுபோவதாவது என்று அங்கம்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவன் மனைவி ராஜம்மா சண்டை போட்டுக்கொண்டு திருமழிசையில் தாய்வீட்டில் இருந்தாள். "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அழைத்துவர வண்டி போயிருக்கிறது. அவள் வந்து ஒரு வார்த்தை பேசும்வரை அண்ணன் இருக்கவேண்டும். அதற்குமேல் அங்கம்மா சாமியிடம் எதுவும் கேட்கவில்லை.

அவன் மார்பையே பார்த்தாள். அசைவது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது.

அப்போதுதான் அவன் சொன்ன முகாம் கதை ஒன்று ஞாபகம் வந்தது. "தொரை மூக்குக் கண்ணாடிய வாயால ஊதி ஊதித் தொடைப்பாரு. வெயில்ல கெடந்த கண்ணாடின்னா எத்தினி ஊதினாலும் மூட்டம் புடிக்காது. குளிர்ச்சி பட்டாத்தான் ஆவி தண்ணியாவும்."

இந்தக் கண்ணாடி வாசல் சுவரில் வெயில் விழும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னமும் சுட்டது. சூட்டுக் கண்ணாடியில் மூச்சு எப்படி நிற்கும்?

அதைச் சாக்குக்குள் திணித்து ஐஸோடு அழுத்திப் பிடித்தாள். விரல் மரத்துப்போனதும் எடுத்து, இரண்டு பக்கமும் முந்தானையால் துடைத்து, அவன் மூக்கருகே பிடித்தாள். வெள்ளையாக மூட்டம் பரவியது.

"மூச்சு கீது மாமா. நீயே பாரு."

மாமா குனிந்து பார்த்தார். வாசலில் காத்திருந்த ஆளிடம், "மோளம் வாணாம், நீ போ" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

வண்டி வந்து நின்றது. ராஜம்மா உள்ளே ஓடி வந்தாள்.

"கீறாரா?"

"கீறாரு அண்ணி. பேசு, காதுல உழும்."

ராஜம்மா அவன் காதருகே குனிந்தாள். "நான்தான் வந்துகீறேன். வாய்தவறிச் சொல்லிட்டேன்யா. நீ எழுந்து என்னிய நல்லாத் திட்டு, கேட்டுக்கினு இருக்கேன்."

அண்ணியும் பார்த்து மனசாறட்டும் என்று அங்கம்மா கண்ணாடியை மறுபடி ஐஸில் அழுத்தி எடுத்துத் துடைத்தாள். ராஜம்மா அவன்மேல் சாய்ந்திருந்ததால் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நிற்க நிற்க, யார் மூச்சும் படாமலே கண்ணாடி வெளுத்தது. திருப்பினாள். தகரப் பின்புறமும் முத்து முத்தாக வேர்த்திருந்தது.

ஐஸ் போட்ட சொம்பு வெளிப்புறம் நனைந்ததைப் பார்த்து, ஓட்டை என்று அங்கம்மா ஒருநாள் சொல்லியிருக்கிறாள். "ஓட்டை இல்ல, காத்துலயே தண்ணி கீது" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சொன்னதில் பாதியை நினைவு வைத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டோமே என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்; நாடி இல்லை. முதலில் படிந்ததும் காற்றின் ஈரம்தான்; அண்ணன் முன்பே போய்விட்டான்.

"எனக்கும் காட்டு அங்கம்மா," என்று ராஜம்மா கை நீட்டினாள். "மூச்சப் பாக்குறேன்."

சாக்கில் இன்னும் கையளவு ஐஸ் இருந்தது. அங்கம்மா அதைத் தொடவில்லை. கண்ணாடியை அப்படியே அண்ணியின் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா, மடியில வச்சிட்டே?"

அங்கம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற, மூட்டம் ஓரத்திலிருந்து விலகியது. குனிந்திருந்த ராஜம்மாவின் நெற்றிப்பொட்டு அதில் முதலில் தெரிந்தது.