யோகாம்பாளின் தோளும் மூன்று துவக்குகளும்

தம்பித்துரை ஒரு பொருளை வாங்குவதென்றால் முதலில் அதை உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருட்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார். சுவிற்சர்லாந்தின் பீல் நகரத்துத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. குளிர்சாதனப் பெட்டி வாங்கப் புறப்பட்டபோது அவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பனிக்காலம் போய்விட்டது. அதுவரை பாலும் கத்தரிக்காயும் பால்கனியில்தான் கிடந்தன. காகங்கள் அதைத் தங்களுக்கென்று திறந்த கடை என்றே நம்பிவிட்டன. மகள் வேணுகாவின் மாப்பிள்ளையை மட்டும் ஒப்பிட வழியில்லாமல் போயிற்று. அவள் ஒரேயொருவனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டாள். அந்தக் குறை மனிதருக்கு இன்றைக்கும் உண்டு.

அப்படிப்பட்டவரின் மனைவி யோகாம்பாளுக்கு, ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய வயதில், ஒரு துவக்கு தேவைப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மர்லிஸ்தான் காரணம். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் யோகாம்பாளுக்குப் பக்கத்து வாங்கில் காலம் முழுவதும் குந்தியிருந்தவள். இருவரும் ஒன்றாக ஓய்வு பெற்றபின், பின்னல் வேலை பழகலாம் என்று யோகாம்பாள் சொல்ல, மர்லிஸ் அவளை மலைமேல் இருக்கும் சுடுகளத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஓர் இயந்திரம் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். அவை விழுமுன் சுட்டு உடைக்கவேண்டும். சுவிஸ்காரர் அந்தத் தட்டைப் புறா என்பார்கள். வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாத யோகாம்பாள், மண்ணால் செய்த புறா என்று அறிந்ததும் நிம்மதியாகத் துவக்கைத் தூக்கினாள். எள்ளைவிடச் சின்ன ஆணிகளைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, சாசர் அளவு தட்டு வண்டிச் சில்லுப் போலத் தெரிந்தது. பத்தில் ஏழை உடைத்தாள். மீதி மூன்றும் பயத்தில் தாமாகவே விழுந்தன என்று மர்லிஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

ஒரு வருடம் சுடுகளத்துக் கழகத்தின் துவக்கால் சுட்டாள். அது ஆறடி ஆம்பிளைக்குச் செய்தது. அதை யோகாம்பாள் தோளில் வைத்தால், துவக்கு அவளைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல இருக்கும்; உதையும் தோளில் பதியாமல் மேற்கையில்தான் விழும். பழகுகிறவர்களுக்கு மட்டும்தான் அதைக் கடன் கொடுப்பார்கள். மே மாதத்து முதல் ஞாயிறு நடக்கும் பெண்கள் இணைப் போட்டிக்குப் போவதென்றால் சொந்தத் துவக்கு வேண்டும். மர்லிஸ் இருவர் பேரையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். சின்ன உடம்புக்குத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஓட்டோமற்றிக்தான் நல்லது, தோளில் மெத்தென்று உதைக்கும் என்றும் சொல்லியிருந்தாள்.

வீட்டில் கதையை எடுத்தபோது தம்பித்துரை தேத்தண்ணியை அப்படியே மேசையில் வைத்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள், யோகம்."

"ஓம். அது மற்ற ஆக்களின்ரை கையிலை இருந்தது. இது என்ரை கையிலை எல்லோ இருக்கப்போகுது."

அவர் தேத்தண்ணியைத் திரும்ப எடுத்து, சரி, நல்லதாகப் பார்த்து வாங்குவோம் என்றார். "பார்த்து" என்ற சொல் காதில் விழுந்ததுமே யோகாம்பாள் நாட்காட்டியை எடுத்து மே மாதத்தைப் புரட்டினாள்.

ஐப்பசிக் கடைசியில் பொலிசாரின் வாங்கும் அனுமதி வந்தது. அது ஆறு மாதத்துக்குச் செல்லும். ஆறு மாதம் யோகாம்பாளுக்கு யுகம். தம்பித்துரைக்கு அது முன்னுரை எழுதக்கூடக் காணாது.

துவக்குக் கடைக்காரர் சூற்றர் பொறுமையான மனிதர். இந்த ஆறு மாதத்துக்கு முன் அவருக்குத் தலை நரைத்திருக்கவில்லை என்று பேச்சு. தம்பித்துரை முதல் நாளே, கொழும்புக்குப் போகும் பெட்டிகளை நிறுக்கிற கைத்தராசைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். சுவரில் இருந்த துவக்கு ஒவ்வொன்றையும் இறக்கித் தராசில் கொழுவித் தூக்கிப் பார்த்தார். தோட்டாவின் புகை அழுத்தத்தில் இயங்குவது எது, பின்னுதையிலேயே இயங்குவது எது, வெற்றுத் தோட்டா எந்தப் பக்கம் பறக்கும், எவ்வளவு தூரம் பறக்கும், அடுத்தவரின் தேத்தண்ணிக்குள் விழுமா என்று கேட்டார். கடைசியில் மூன்றைத் தெரிந்தார்: ஓர் இத்தாலி, ஒரு துருக்கி, ஒரு பெல்ஜியம். மூன்று பேரின் சாதகம் மட்டும்தான் அவர் கேட்கவில்லை.

யோகாம்பாளுக்கு இத்தாலியைத் தொட்ட கணத்திலேயே பிடித்துவிட்டது. தூக்கியதும் அது தானாக வந்து கன்னத்தில் படுத்தது. சூற்றர் அதைச் சுடுகளத்துக்குக் கொண்டுவந்து சுட்டுப் பார்க்கத் தந்தார். இரண்டு சுற்று. தட்டுகள் தூளாயின. வீடு திரும்பிச் சட்டையை மாற்றும்போது வலது தோளில், கழுத்தெலும்புக்குக் கீழே, நாவற்பழ நிறத்தில் இரத்தம் கட்டிய ஒரு கண்டல்.

தம்பித்துரை அவளை யன்னலடியில் இருத்தி, வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஆராய்ந்தார். முறுக்கின கயிறு போல வரிவரியாக இருந்தது. துவக்கின் அடியில் இருக்கும் ரப்பர் அணையில் வரிகள் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. குற்றவாளி பிடிபட்டான். தைலம் பூசிக்கொண்டே இத்தாலியைத் தள்ளுபடி செய்தார்.

அடுத்தது துருக்கி. பாரம் குறைந்தது, ஆகவே அடியும் குறைவாகத்தான் இருக்கும் என்பது அவருடைய விஞ்ஞானம். தை மாதக் குளிரில் அது உதைத்த உதையில் யோகாம்பாள் பின்னால் நின்ற மர்லிஸின் கால்மேல் ஏறினாள்; இன்னும் ஒரு வெடி வைத்திருந்தால் மலைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு பேசும் ஊரில் போய் நின்றிருப்பாள். கண்டல் அதே இடத்தில், அதே கயிற்று வரி. பங்குனியில் பெல்ஜியம். இதற்குப் பாரமும் அதிகம், அணையும் தலகாணி மாதிரித் தடிப்பு. உதை தெரியவேயில்லை. ஆனால் யோகாம்பாள் அதை உயர்த்தி முடிப்பதற்குள் தட்டு தரையில் விழுந்து இளைப்பாறிவிடும். கண்டல் மட்டும் தவறாமல் வந்தது.

ஒப்பிட்ட மூன்றுமே தோற்ற நிலையில் தம்பித்துரையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இன்னும் நாலு தேசத்துத் துவக்குகள் பார்க்கப்படாமல் கிடக்கின்றன என்றார். அனுமதியை இன்னும் மூன்று மாதம் நீட்டிக் கேட்கலாம் என்று விசாரித்தும் வைத்திருந்தார்.

"போட்டி மேயிலை," என்றாள் யோகாம்பாள்.

"போட்டி வருசா வருசம் வரும்தானே. தோள் ஒண்டெல்லோ."

அவள் அன்றைக்கு இடியப்பத்தோடு சொதி வைக்கவில்லை, அவ்வளவுதான். தம்பித்துரை வறட்டு இடியப்பத்தை மென்று விழுங்கிவிட்டு, அனுமதி முடிய முன் மூன்றையும் கடைசியாக ஒரு தரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்.

ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை. சூற்றர் மூன்று பெட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்திருந்தார். உடுப்பு மாற்றும் அறையில் மர்லிஸ் யோகாம்பாளுக்குச் சுடுகிற மேலங்கியைப் போட்டுவிட்டாள். தோளைத் தட்டிச் சரிசெய்த கை அங்கேயே நின்றது. சட்டைக்குள் சைக்கிள் சங்கிலி வைத்துத் தைத்திருக்கிறாயா என்று கேட்டாள்.

யோகாம்பாள் கையை விட்டுப் பார்த்தாள். சைக்கிள் சங்கிலி இல்லை. பதினொரு பவுண் தாலிக்கொடி.

தொழிற்சாலையில் சேர்ந்த முதல் கிழமையே மேற்பார்வையாளர், குனிந்து வேலை செய்யும்போது கழுத்தில் எதுவும் தொங்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு அவள் கொடியை வலது தோளுக்கு இழுத்து மடித்து, சட்டையின் உட்பக்கம் ஊசியால் குத்தினாள். மறுநாளும் குத்தினாள். வேலை முடிந்து, ஓய்வூதியம் வந்து, தொழிற்சாலைக் கதவும் மறந்துபோயிற்று. கை மட்டும் ஒவ்வொரு காலையும் அவளைக் கேட்காமல் கொடியை இழுத்து அந்த இடத்திலேயே குத்திக்கொண்டிருந்தது. துவக்கு மூன்றும் நல்ல பிள்ளைகளாகத்தான் உதைத்திருக்கின்றன. இடையில் கிடந்து நசித்தது தம்பித்துரை கட்டின தாலி.

அறைக்குள்ளேயே மாற்று வழிகளைப் பார்த்தார்கள். இடது தோளில் குத்தினால், கையை நீட்டும்போது கொடி கழுத்தைக் கன்றுக்குட்டி மாதிரி இழுத்தது. சும்மா தொங்கவிட்டால் ஆடி வந்து துவக்கோடு சண்டை பிடித்தது. கழற்றி மேசையில் வைக்கச் சொன்னாள் மர்லிஸ். யோகாம்பாள் அவளைப் பார்த்த பார்வையில், வேறு மேசை வேண்டுமா என்று தடுமாறினாள் பாவம்.

வெளியே வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். தம்பித்துரை ரப்பர் அணைகளின் வரியை ஐப்பசியிலிருந்து ஆராய்ந்த மனிதர். இத்தாலியின் பெட்டியை ஒருதரம் பார்த்தார், தான் அபாண்டமாகப் பழி சுமத்திய ஆளைக் கோயிலில் கண்டதுபோல.

"அப்ப என்ன செய்யிறது? கழட்டி எங்கையாவது வைக்கேலாது, யோகம். நான் உயிரோடை நிக்கிறன்."

"ஆர் எங்கையாவது வைக்கச் சொன்னது? கழுத்திலைதானே கிடக்கவேணும். உங்கடை கழுத்தும் கழுத்துத்தானே."

அவர் அதை விளங்கிக்கொள்வதற்குள் கொடி அவர் தலைக்கு மேலாக இறங்கிவிட்டது. பச்சைக் குளிரங்கியின்மேல், நெஞ்சு நடுவில், பதினொரு பவுண் சித்திரை வெயிலில் பளபளத்தது.

"ஆரும் தமிழ் ஆக்கள் கண்டால்..."

"இந்த மலைக்கு ஆர் வரப்போகினம்? பேசாமல் நில்லுங்கோ. குனியாதேங்கோ, கழண்டு விழுந்துபோம்."

அவர் நிமிர்ந்து நின்றார். நிமிர்ந்து நிற்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாத நிலை. யோகாம்பாள் நேராகப் போய் இத்தாலியை எடுத்தாள். ஒரு சுற்றுச் சுட்டாள். இருபத்தைந்தில் இருபத்துமூன்று. தோளில் ஒரு பூனைக்குட்டி முட்டினது போலத்தான் இருந்தது. சூற்றரிடம், இதுதான், கட்டுங்கள் என்றாள். துருக்கியையும் கொடியில்லாமல் ஒருதரம் ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயம் என்று சொல்லத் தம்பித்துரை வாய் திறந்தார். கொடி சற்று அசைந்தது. வாயை மூடிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் ஒப்பிட்டு முடியாமல் வீட்டுக்கு வந்த இரண்டாவது உருப்படி அது, முதலாவது மருமகன்.

போட்டி நாளன்று மலைமேல் நிற்க இடமில்லை. தம்பித்துரை கொடியோடு சுவரோரமாக ஒதுங்கப் பார்த்தார். பலிக்கவில்லை. அவ்வளவு பெரிய தங்கச் சங்கிலி போட்டவர் ஏதோ மாநிலச் சங்கத்துத் தலைவராகத்தான் இருக்கவேண்டும் என்று சனம் முடிவு கட்டியது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவர் தண்ணீர்க் குழாய் பழுது என்று முறையிட்டார். இன்னொருவர் முன்வரிசைக் கதிரையில் கொண்டுபோய் இருத்தி, கையில் வெள்ளை வைன் கொடுத்தார். தம்பித்துரை குழாயைக் கவனிப்பதாக ஒப்புக்கொண்டார்.

யோகாம்பாளும் மர்லிஸும் இரண்டாவதாக வந்தார்கள். பரிசு, பாதி வண்டிச் சில்லு அளவு சீஸ். அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி யோகாம்பாள் மேடையிலிருந்து இறங்கி நேரே கணவருக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்தாள். வீட்டுக்குப் போகிற நேரம். கொடி அதன் இடத்துக்கு வரவேண்டும். அவள் கையில் சீஸ். தம்பித்துரை எழும்பி, கொடியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். போன தடவை போட்டது கலியாண மேடையில்.

சங்கத் தலைவர் தன் சங்கிலியையே பரிசாகப் போட்டுவிட்டார் என்று களம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. கெட்டிமேளம் இல்லாத குறைக்கு யாரோ ஒருவர் பெரிய மாட்டுமணியை எடுத்து ஆட்டினார். யோகாம்பாள் சிரிப்பை அடக்கமுடியாமல் சீஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்தாள்.

முதற்பரிசு பெற்ற இரண்டு பெண்களும் மட்டும் கை தட்டவில்லை. தங்களுக்குக் கிடைத்த முழுச் சீஸை ஒருதரம் பார்த்தார்கள், யோகாம்பாளின் கழுத்தை ஒருதரம் பார்த்தார்கள், பிறகு கழகத் தலைவரைத் தேடிக்கொண்டு நடந்தார்கள்.