வாழைப்பழத்தில் உடைந்த பல்

பஞ்சர்க்காரர் காலையிலேயே ஒரு சரக்கு வண்டிக்காரரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். சில நாளைக்கு முன் ஒட்டிக் கொடுத்த டியூப், ஒட்டின இடத்திலேயே பிளந்துகொண்டு திரும்பி வந்திருந்தது.

"எவ்வளவு லோடு ஏத்துவேன்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டே, கேட்டே."

"என்னய்யா சொன்னே? காலிக் கூடைதான்னு சொன்னே. காலிக் கூடைக்கா இப்படி வாயைப் பிளக்கும்? செங்கல் ஏத்தியிருக்கே. உள்ளதைச் சொல்லியிருந்தா சூட்டுல வச்சுப் பெரிய ஒட்டாப் போட்டிருப்பேன். என்கிட்ட பொய் சொன்னா எனக்கு என்ன வந்துச்சு? வெடிக்கிறது உன் டியூப்பு."

வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கிருந்து மனைவி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பாவம் அவரு..."

"நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். அந்த வீட்டில் கதவு கீச்சிடுகிற மாதிரி இந்த வார்த்தையும் தினம் கேட்கிற சத்தம்தான். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவளுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள், கிராம்பை வைத்துக் கடித்தாள். வலி போவேனா என்றது. பஞ்சர்க்காரருக்கு டாக்டர் என்றாலே ஆகாது. ஓட்டை ஒன்று என்று போனால் இரண்டாக்கி அனுப்புகிறவர்கள் என்பது அவர் கட்சி. ஆனாலும் ஒரு கன்னம் வீங்கிப்போனவளை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கூட்டிப் போனார்.

பல் டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைக் காட்டி விளக்கினார்.

"சொத்தை பெருசும்மா. ஒரு பக்கத்துச் சுவர் மெலிசாயிடுச்சு. பல் கலர்லயே அடைக்கலாம், பார்க்க நல்லா இருக்கும். சாதாரணமா மெல்றவங்களுக்கு அது போதும். ஆனா அழுத்திக் கடிக்கிற வாய்க்கு அது தாங்காது. அப்போ அடைச்சுட்டு, பல்லு மேல மூடி மாதிரி ஒண்ணு மாட்டணும். இல்லேன்னா சுவர் பிளந்துடும். தூக்கத்துல பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா?"

மனைவி விழித்தாள். "தூங்கும்போது எனக்கு எப்படிங்க தெரியும்? ஆனா காலையில எந்திரிச்சா தாடையெல்லாம்..."

"தலகாணி உயரம், வேற ஒண்ணுமில்ல" என்று இவர் குறுக்கே விழுந்தார்.

டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க சொல்லுங்க. பக்கத்துல படுக்கிறவங்களுக்குத்தான் அது தெரியும். கடிக்கிறாங்களா?"

கடிக்கிறாளாவா? அறைக்குள் யாரோ சரளைக் கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கும். வருஷக்கணக்கில் கேட்கிறார். முதலில் உலுக்கி எழுப்பிப் பார்த்தார். அப்புறம் புரண்டு படுத்துக்கொள்ளப் பழகினார். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அண்மையில் கொழுந்தியாள் வந்து தங்கியிருந்தபோது அவள் காதிலும் விழுந்துவிட்டது. அக்காள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, பகல்ல பேச விடாம வாயை அடைச்சு வச்சா, அவ ராத்திரியில அரைக்காம என்ன செய்வா?" இவரும் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

இப்போது டாக்டரம்மா கேட்டதும் அதே முள்தான் குத்தியது. ஆமாம் என்றால் இந்தம்மா ஏன் என்று கேட்பாள். வீட்டில் சண்டையா, நீ கொடுமைக்காரனா என்று தோண்டுவாள். போதாததற்கு மூடி, கீடி என்று எதையாவது தலையில் கட்டுவாள்.

"அதெல்லாம் கிடையாது. செத்த பொணம் மாதிரி தூங்குவா. வெள்ளையாவே அடைச்சு விடுங்க."

டாக்டரம்மா நம்பினார். மனைவியும் நம்பினாள். தாடை வலிக்குத் தலையணையைக் கூட மாற்றிக்கொண்டாள், பாவி மகள்.

சில மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் அவள் வாழைப்பழம் ஒன்றை உரித்து ஒரு கடி கடித்தாள். "ஐயோ" என்று கன்னத்தைப் பிடித்தாள். உள்ளங்கையில் துப்பினாள். பழத்தோடு பழமாகப் பல்லின் ஒரு சில்லும் வெள்ளை அடைப்பும் கிடந்தன.

"வாழைப்பழம் தின்னு பல்லை உடைச்சவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி" என்றார்.

அவளுக்கு வலியிலும் சிரிப்பு வந்தது. இவருக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. வாழைப்பழம் உடைக்கவில்லை என்று அந்த வீட்டில் ஒருவருக்குத் தெரியும்.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பல் ஈறுக்குக் கீழே வரை நெட்டுக்குப் பிளந்திருந்தது. "இனி அடைக்க வழியில்லம்மா. எடுத்துத்தான் ஆகணும்" என்றவர் கருவியைக் கீழே வைத்தார். "என் தப்பும்மா இது. சுவர் மெலிசுன்னு தெரிஞ்சே வெள்ளை அடைப்பு போட்டேன். மூடி போட்டாத்தான் ஆகும்னு நான் பிடிவாதமா நின்னிருக்கணும்."

"நீங்க என்ன பண்ணுவீங்கம்மா?" என்றாள் மனைவி. "முந்தா நாள் கடலை தின்னேன். வாயைக் கட்ட மாட்டாம நான்தான் கெடுத்துக்கிட்டேன்."

ஆளுக்கு ஒரு பக்கம் பழியை இழுத்துத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தப்பு இழைத்தவர் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். இப்படி அடிப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. சும்மா இருந்துவிட்டால் இதோடு போயிற்று, யாருக்கும் தெரியாது. ஆனால் செங்கல் ஏற்றினவனின் பிளந்த டியூப் கண்ணுக்குள்ளேயே தொங்கியது.

"கடலையும் இல்ல, உங்க தப்பும் இல்லம்மா" என்றார். குரல் அவருக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. "அவ ராத்திரி பல்லைக் கடிப்பா. ரொம்ப வருஷமா. எனக்குத் தெரியும். அன்னைக்கு நீங்க கேட்டப்போ நான்தான் மறைச்சுட்டேன்."

மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"ஏங்க?"

"எம்மேல குத்தம் வந்துடுமோன்னு... மானம் போயிடும்னு..."

அவள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"வலி எனக்கு, மானம் உங்களுக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. வாயைத் திறந்துகொண்டு சாய்ந்தாள்.

பல்லை எடுத்தாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு வந்தாள். அன்றைக்கெல்லாம் அவளால் பேச முடியவில்லை. அவர் வாயிலும் "சும்மா இரு" வரவில்லை. சொல்ல வந்து வந்து நாக்கு மடங்கிக்கொண்டது.

புண் ஆறின பிறகு மறுபடியும் போனார்கள். மறுபக்கத்துக் கடைவாயிலும் சொத்தை விழுந்திருந்தது. டாக்டரம்மா பழைய கேள்விகளையே கேட்டார். பஞ்சர்க்காரர் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார், சட்டென்று மூடிக்கொண்டார்.

"அவளே சொல்லட்டும்மா. தூக்கத்துல நடக்கிறது மட்டும் நான் சொல்றேன்."

அவள் சொன்னாள். காலையில் தாடை பூட்டிக்கொள்வது, ஒரு பக்கமாகவே மெல்வது, சூடு பட்டால் கூசுவது, எல்லாம். இவளுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்று அவருக்குத் திகைப்பு. இந்த முறை அடைப்பு, மேலே ஒரு மூடி, படுக்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை என்று முடிவாயிற்று. "எதனால கடிக்கிறாங்கன்னு ஒரே காரணம் சொல்ல முடியாது. மனசுல இருக்கிறதை வெளியே பேசினா சிலருக்குக் குறையும்" என்றார் டாக்டரம்மா. பஞ்சர்க்காரர் தரையைப் பார்த்தார்.

பல் போன இடம் போனதுதான். அவள் சிரிக்கும்போது பக்கவாட்டில் அந்த இருட்டுப் பொந்து தெரியும். அவர் கண் வேண்டாம் வேண்டாம் என்று அங்கேதான் போகும்.

சரக்கு வண்டிக்காரர் திரும்பவும் ஒரு நாள் வந்தார்.

"லோடு எவ்வளவுய்யா?"

"கொஞ்சந்தான்... கூடைதான்..."

வழக்கமான வசவுக்காக வண்டிக்காரர் காதைத் தயாராக வைத்துக்கொண்டார். வசவு வரவில்லை.

"இந்தா பாருய்யா. டாக்டர் கேட்டாலும் சரி, நான் கேட்டாலும் சரி, உள்ளதைச் சொல்லிடு. கேக்குறவங்க உன் மானத்தை வாங்கக் கேக்கல, எது தாங்கும்னு பார்க்கத்தான் கேக்குறாங்க. நாம கௌரவத்துக்கு மறைச்சா, உடையறது நம்ம கௌரவம் இல்ல. நம்மளை நம்பி இருக்கிறவங்களோட பல்லு."

"பல்லா? நான் டயருக்குல்ல வந்திருக்கேன்?"

உள்ளேயிருந்து மனைவி தலையை நீட்டினாள். "அவரு சொல்றது புரியலேன்னா இங்க வாங்கண்ணே, நான் வாயைத் திறந்து காட்டுறேன்."

பஞ்சர்க்காரர் தலை நிமிரவில்லை. சும்மா இருந்தார்.