இருபதடி தள்ளி ஒரு குழி

நான் பொய் சொல்லவில்லை. முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், "நீ ஏன் பொய் சொன்ன?" என்றுதான் கேட்கிறார்கள்.

என் பெயர் செங்கமலம். ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் கண்ணப்பன் தோட்டத்தில் மேஸ்திரி. ஆறு ஏக்கர். ஐப்பசி வந்தால் முள்ளங்கி, மற்ற நாளில் கீரை, வெண்டை. எனக்குக் கீழே பத்துப் பெண்கள். காலையில் பிடுங்கி, கழுவி, கட்டி, எட்டு மணிக்கு வேனில் ஏற்றினால் மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேண்டீனுக்குப் போகும். மண் ஒட்டியிருந்தால் கேண்டீன்காரன் மூட்டையோடு திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் முள்ளங்கி பளிச்சென்று இருக்க வேண்டும். அந்தப் பளிச்சுக்கு நான்தான் பொறுப்பு.

தோட்டத்தில் கக்கூஸ் கிடையாது. எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? வாய்க்கால் கரையில் வேலிகாத்தான் புதர் அடர்த்தியாக இருக்கும். நாங்கள் அங்கேதான் போவோம், வாய்க்காலில்தான் கால் கழுவுவோம். அந்த வாய்க்கால் கொஞ்ச தூரம் வளைந்து வந்து எங்கள் ஷெட்டைத் தொட்டுக்கொண்டு போகும். காய் கழுவ மோட்டார் தொட்டி தனியாக இருக்கிறது. கரண்ட் இருந்தால் தொட்டி, இல்லாவிட்டால் வாய்க்கால். இது எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி காலத்திலிருந்து நடப்பது.

பத்துப் பேரில் ஒருத்தி தவமலர். சிலோன்காரி. மன்னார் பக்கத்திலிருந்து படகில் வந்தவள். புருஷன் இல்லை, நாலாவது படிக்கிற ஒரு மகள் உண்டு. போன வருஷம் அகதி முகாமிலிருந்து நாலு பேர் எங்களிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு மூன்று பேர் முகாமை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்கள். தவமலர் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, அனுமதிக் காகிதம் வாங்கி, தோட்டத்துக் கோடியில் ஒரு குடிசையில் மகளோடு இருந்தாள். கண்ணப்பன்தான் ஜாமீன் மாதிரி கையெழுத்துப் போட்டார். இரக்கமெல்லாம் இல்லை. ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், சேற்றில் இறங்க ஆள் வேண்டாமா?

அந்தக் காகிதத்தை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பிலேயே வைத்திருப்பாள். பெயரில் ஒரு புகார் வந்தால் காகிதம் போய்விடும். காகிதம் போனால் முகாம், முகாமிலிருந்து மறுபடி படகு. திரும்பிப் போனால் அங்கே வீடும் இல்லை, ஊரும் இல்லை என்று ஒருநாள் கட்டு கட்டிக்கொண்டே சொன்னாள். உப்பு இல்லை, புளி இல்லை என்பது போலச் சொன்னாள்.

வந்த புதிதில் அவளால் கரைக்குப் போக முடியவில்லை. வேலை முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவாள். நாலு நாள் வெட்டினாள். ஷெட்டுக்குப் பின்னால், மேட்டில், அவள் உயரத்துக்கு ஒரு குழி. மேலே இரண்டு பலகை, சுற்றிப் பனை ஓலைத் தட்டி. உள்ளே ஒரு சட்டியில் அடுப்புச் சாம்பல், ஒரு குடம் தண்ணீர், கொட்டாங்கச்சியில் ஒரு துண்டு சோப்பு. சோப்பை அவள் சவுக்காரம் என்பாள். போய்விட்டு வந்தால் முழங்கை வரைக்கும் தேய்ப்பாள். கோவிந்தம்மா அவளுக்குச் சவுக்கார மகாராணி என்று பேர் வைத்தாள். நானும் சிரித்தேன்.

"நீங்களும் இதிலேயே போங்கோ அக்கா, எல்லாருக்கும்தான் வெட்டினனான்" என்றாள் என்னிடம்.

"பொட்டிக்குள்ள குந்திக்கினா எனக்கு வராதுடி" என்றேன். உண்மைதான். நாற்பது வருஷப் பழக்கம்.

இன்னொன்றும் சொன்னாள். ஐப்பசி இரண்டாவது வாரம் மழையில் டிரான்ஸ்பார்மர் வெடித்து, நாலு நாள் கரண்ட் இல்லை. தொட்டி காய்ந்துவிட்டது. நான் முள்ளங்கியை வாய்க்காலில் போடச் சொன்னேன். அவள் கூடையை இறக்காமல் நின்றாள்.

"வாய்க்கால் தண்ணியில கழுவாதேங்கோ அக்கா. மேல கரையில நீங்கள் எல்லாரும் குந்தியிருக்கிறனீங்கள். சாப்பிடுற சனத்துக்கு வருத்தம் வரும், வயித்தால போகும்."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "முள்ளங்கி கழுவ நீ எனக்குச் சொல்லித் தர்றியா? அவங்க வேக வெச்சித் துன்னப் போறாங்க. போட்றீ" என்றேன். அவள் போட்டாள். கண்ணப்பனிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் சொன்னது நான்.

அவர்கள் வேக வைக்கவில்லை. துருவித் தயிரில் போட்டுப் பச்சடி செய்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஷிப்டில் அறுபது பேருக்கு மேல் வாந்தியும் பேதியும். லைனில் நின்றவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான் என்றார்கள். வேன் வேனாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எல்லோரும் பிழைத்தார்கள், கங்கம்மாள் தவிர. கங்கம்மாள் எங்கள் ஊர்க்காரி, கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். மிச்சமான பச்சடியைக் கிண்ணத்தோடு வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். நான் சாவுக்குப் போனேன். மாலை போட்டேன். அழுகை வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முனிரத்தினம் டீக்கடையில் அன்றே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"அந்தத் தோட்டத்துல கேம்ப் ஆளு ஒண்ணு கீதாமே" என்றான் மாரி. கங்கம்மாளுக்குத் தம்பி முறை. "கப்பல்ல ஏத்தி அனுப்பணும் எல்லாரையும். வந்த எடத்துல குண்டு வெக்கறது, சோத்துல வெஷம் வெக்கறது."

"அனுப்பிட்டு முள்ளங்கிய நீ புடுங்குவியா?" என்றார் முனிரத்தினம். "உன் பொண்டாட்டியே கம்பெனியில பெருக்கப் போறேன்னுகினு கீறா."

"அதுக்கு? அவங்க ஊருக்கு நாம இன்னா பொறுப்பு?"

"பொறுப்பு இல்லதான். ஆனா பாவம், பொம்பளப் புள்ளய வெச்சிகினு எங்க போவா?"

நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்ததா என்றுகூட ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசினார்கள், முள்ளங்கியை எங்கே கழுவினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் காசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

திங்கட்கிழமை ஹெல்த் ஆபீசர் ஜீப்பில் வந்தார். கூடவே ஒரு கான்ஸ்டபிள். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தொட்டியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிரம்பி வழிந்தது. ஞாயிறு ராத்திரி அடித்த மழையில் வாய்க்கால் கரை கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. கண்ணப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"காயெல்லாம் எங்க கழுவுவீங்க?" என்றார் ஆபீசர்.

"போர் தண்ணி சார். பாருங்க, குடிக்கலாம்" என்று கண்ணப்பன் தொட்டியைக் காட்டினார். காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். ஆபீசர் ஒரு சீசாவில் அந்தத் தண்ணீரைப் பிடித்து மூடி, பேர் எழுதி ஒட்டினார்.

அப்புறம் ஷெட்டைச் சுற்றி வந்தார். கரைப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தார். புதரும் தண்ணீரும்தான் தெரிந்தது. திரும்பும்போது ஓலைத் தட்டி கண்ணில் பட்டது. விலக்கிப் பார்த்துக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது இன்னாம்மா?"

"கக்கூஸ் சார்" என்றேன்.

"யார் தோண்டினது?"

நான் பொய் சொல்லவில்லை. "தவமலர்" என்றேன்.

"யார் அது?"

"கேம்ப் பொண்ணு சார்" என்றார் கண்ணப்பன். என்னைவிட வேகமாகச் சொன்னார். கான்ஸ்டபிள் அதுவரை பீடிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

அவளைக் கூப்பிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இந்த இடம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவள் பயப்படவே இல்லை. ஆபீசர் சுகாதாரத் துறை என்று தெரிந்ததும் முகம் தெளிந்துவிட்டது. தன்னைப் பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"ஓம் ஐயா, நான்தான் வெட்டினன். எங்கட ஊரில எல்லா வீட்டு வளவிலயும் மலசலகூடம் இருக்கும். போனா சாம்பல் போடுறனான். கை கழுவச் சவுக்காரமும் வச்சிருக்கிறன்" என்று கொட்டாங்கச்சியை எடுத்து நீட்டினாள்.

அவர் சோப்பைப் பார்க்கவில்லை. குழியிலிருந்து தொட்டி வரைக்கும் காலால் அளந்தார். "இருபது அடி" என்று சொல்லி எழுதினார். காய் கழுவும் இடத்துக்கு அருகில் அனுமதியின்றித் திறந்த மலக்குழி. தோண்டியவர் இலங்கை அகதி. படித்துக் காட்டினார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

தவமலருக்கு அப்போதுதான் புரிந்தது. கை தானாக இடுப்புக்குப் போய்க் காகிதத்தைத் தொட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சொல்லுங்கோவன். நீங்கள் எல்லாரும் எங்க போறனீங்கள் எண்டு சொல்லுங்கோவன்."

ஆபீசர் பேனாவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கண்ணப்பனும் பார்த்தார். பின்னால் ஒன்பது பெண்கள். கோவிந்தம்மா கட்டு கட்டுகிற நாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் தோட்டத்துக்குப் பூட்டுப் போடுவார்கள். பூட்டுப் போட்டால் பத்துப் பேரும் தெருவில். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதைவிடச் சின்ன விஷயம், என்னால் அந்த வாக்கியத்தை ஆம்பளைகள் முன்னால் சொல்ல முடியவில்லை. வாய்க்கால் கரையில் உட்காருகிறோம் சார் என்று எப்படிச் சொல்வது? கங்கம்மாள் செத்ததும் தவமலர் போகப்போவதும் கண் முன்னால் இருந்தது, எனக்கோ வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

"நல்ல பொண்ணு சார். வேல சுத்தமா செய்யும்" என்றேன்.

அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. ஆபீசர் மறுபடி எழுதினார். சாட்சி என்று இருந்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கைநாட்டு இல்லை.

கான்ஸ்டபிள் காகிதத்தைக் கேட்டார். அவள் பிளாஸ்டிக் உறையோடு கொடுத்தாள். உறையை மட்டும் திருப்பிக் கொடுத்தார். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பாத்திரம், ஒரு துணி மூட்டை. போகும்போது அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தை மாதத்துக்கு அப்புறம் திருப்பி அனுப்புகிற கப்பல்கள் கிளம்பின என்று கேள்விப்பட்டேன். அவள் அதில் போனாளா, முகாமில் இருக்கிறாளா, விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

குழியை மூடச் சொல்லி உத்தரவு. நானே மூடினேன். வேறு யாரையும் விடவில்லை. தட்டியைப் பிய்த்து அடுப்புக்கு எடுத்துக்கொண்டாள் கோவிந்தம்மா. மேட்டை மிதித்துச் சமன் செய்தேன். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், பசிதான் வந்தது. கொட்டாங்கச்சி மட்டும் கிடந்தது. அதில் பாதி தேய்ந்த சோப்பு. அதைக் கொண்டுவந்து ஷெட்டில் வைத்தேன்.

பத்து நாளில் காகிதம் வந்தது. தொட்டித் தண்ணீர் சுத்தம், குழி அகற்றப்பட்டது, லோடு அனுப்பலாம். கண்ணப்பன் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். டீக்கடையில் மாரி என்னைப் பார்த்து, "சனியன் தொலஞ்சிதுக்கா" என்றான். நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த வியாழக்கிழமை விடிகாலையில் மறுபடி கரண்ட் போய்விட்டது. தொட்டி அடியில் சேறுதான் இருந்தது. எட்டு மணிக்கு வேன். பெண்கள் கூடையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அப்போதுதான் கரையிலிருந்து திரும்பியிருந்தேன். ஷெட்டுக்குள் போய்ச் சோப்பை எடுத்து வந்து, வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினேன். நுரை ஷெட்டைத் தாண்டிப் போனது.

பிறகு முதல் கூடை முள்ளங்கியை அதே தண்ணீரில் இறக்கினேன்.