கண்ணாடியைக் கழற்றச் சொன்ன குரல்

என் மருமகள் அந்தத் தேர்வை எங்கள் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதினாள். கணினிக்குள்ளிருந்து ஒரு பெண் கண்காணித்தாள். முகம் கிடையாது, குரல் மட்டும். காப்பீட்டு அலுவலகத்தில் மருமகளுக்கு இருப்பது தற்காலிக வேலை. தேறினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு. பாரம் தூக்கப் போய் இடுப்பு முறிந்த என் மகன் கைத்தடியோடு கிடக்கிறான். அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான்.

அவளுக்குக் கண் வறட்சி. சிமிட்டியதும் எழுத்து பளிச்சென்று தெரியும். இரண்டு வார்த்தை படிப்பதற்குள் கலங்கிவிடும். எரிச்சல் முற்றினால் தாரை தாரையாக நீர் கொட்டும். திரையின் நீல வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி சிலருக்கு உதவும், எல்லோருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். இவளுக்கு உதவியது. அதைப் போட்டால் ஒரு வரி முழுதாக நின்றது.

இதை நான் வெளியே சொல்ல விடவில்லை. ஒரு கல்யாணத்தில் அவள் கண் வழிய நின்று, கண் வறட்சி என்று சொன்னதைக் கேட்டு என் பங்காளி ஒருவன், "வறண்ட கண்ணுல வெள்ளம் வருதாம்! மாமனார் நல்லாத்தான் கவனிச்சுக்கிறாரு" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். அன்றோடு அந்த நோயின் பேச்சே கூடாது என்றேன். அதுவரை மருமகளை அழவைத்த குடும்பம் என்று எங்களை யாரும் சொன்னதில்லை.

தேர்வு தொடங்கும்போது குரல் கேட்டது: "உடம்புக்கு ஏதாவது பிரச்சினை இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நடுவுல மருந்து போட நேரம் தருவோம்."

மருமகள் அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன்.

"ஒன்னும் இல்லீங்க" என்றாள்.

வெளியே வந்து உட்கார்ந்தேன். தாழ் சரியாக விழாத கதவு. இடுக்கு வழியே அவள் முகத்தின் ஒரு பக்கம் தெரிந்தது.

"உங்க கண்ணாடியில நீலமா என்னமோ மின்னுது. கண்ணே தெரியல. கழட்டிடுங்க."

"இது இல்லாம கஷ்டங்க."

"பவர் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

கழற்றி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி குரல்: "அடிக்கடி கண்ணை மூடி மூடி உட்கார்றீங்க. திரையைப் பார்க்கணும். இல்லேன்னா சந்தேகம்னு குறிச்சிடுவேன்."

அதன்பின் அவள் இமைக்கவே இல்லை. கண்ணை அகலத் திறந்து, திரையில் மூக்கு படும்படி குனிந்தாள். வெள்ளை விழி செக்கச் சிவந்தது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தாள்.

என் மகன் தடியை ஊன்றி வந்து எட்டிப் பார்த்தான்.

"அப்பா, அவளுக்குக் கண்ணே தெரியல. நோய்னு சொல்லிடச் சொல்லுங்க."

"சும்மா இருடா. சமாளிச்சிடுவா."

"கண்ணுக்குப் போட வேண்டிய சொட்டு மருந்தை உங்க கவுரவத்துக்கு ஊத்துங்க. அதுதான் காஞ்சு கிடக்கு."

என் முன்னால் குரல் உயர்த்தாதவன் அவன். நான் வாய் திறக்குமுன் உள்ளே கேட்டது:

"ஏன் அழறீங்க? வீட்டுல யாராவது கட்டாயப்படுத்தி உட்கார வெச்சிருக்காங்களா? பயப்படாம சொல்லுங்க."

"ஐயோ, இல்லீங்க. எங்க மாமா தங்கமானவர்" என்றாள். தாடையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த முகத்தோடு அதைச் சொன்னால் உலகத்தில் எவன் நம்புவான்?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"அழலம்மா அவ! கண் வறட்சி, நோய். சொல்லாதேன்னு தடுத்தது நான். அவளைக் கண்ணாடி போட விடுங்க. மருந்து போட நேரம் கொடுங்க!"

"ரூம்ல இன்னொருத்தர் வந்துட்டார். விதிப்படி தேர்வை ரத்து பண்றேன்."

"நான் சொல்றதைக் கேளும்மா. மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கார்…"

திரை கறுத்தது. அதைப் பார்த்து நான் மருத்துவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். மருமகள் கண்ணாடியை எடுக்கவில்லை. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"போதும் மாமா" என்றாள். "அங்க யாரும் இல்ல."