வெந்நீர் எத்தனை டம்ளர்

"அக்கா, இன்னும் ஒரு கரண்டி சோறு போடுங்க."

கேட்டது நான்தான். காதோடு காதாகக் கேட்கவில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த மேசையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். சமையலக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த மின்தராசில் சிவப்புச் சுழியம் மினுங்கிக்கொண்டிருந்தது. கிராம் மேடம் சிரித்த முகம் மாறாமல் என்னைப் பார்த்தார். அது அவருக்குக் கைவந்த கலை. உதடு சிரித்துக்கொண்டிருக்கும், கண் ஆளைக் கொன்றுகொண்டிருக்கும்.

இப்படிக் கேட்கவே கூடாது என்று எனக்கு இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.

முதல் ஆள் அம்மா. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். பள்ளி விடுமுறையில் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். எந்த வீட்டிலாவது மனமிரங்கி ஒரு தட்டு வைத்தால் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். "முதல்ல போடறது அவங்க மனசுடி. ரெண்டாவது கேட்டா அது நம்ம பசி. நம்ம பசியை அடுத்தவங்க வீட்டுல காட்டக் கூடாது" என்பாள்.

இரண்டாவது ஆள் கிராம் மேடம், என் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். "கிளையன்ட் முன்னாடி நீ ரெண்டாவது தடவை வாங்கவே கூடாதும்மா. நம்ம திட்டத்துல வயிறு நிறையாதுன்னு நினைச்சுக்குவாங்க."

அம்மா மானத்துக்குச் சொன்னாள், இவர் வியாபாரத்துக்குச் சொன்னார். காலியாகக் கிடந்தது என்னவோ ஒரே வயிறுதான்.

எங்களுடையது எடை குறைப்பு நிலையம். மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. வரவேற்பு மேசையில் இருக்கிறவள் வருகிறவர்களிடம் எல்லாம் இனிப்பின் தீமைகளைப் பற்றிச் சொல்லுவாள். அவள் இழுப்பறையைத் திறந்தால் பிஸ்கட் பொட்டலம் எட்டிப்பார்க்கும். மேடத்துக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர் என்று விளக்க வேண்டியதில்லை. யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால்கூட "நேத்தைவிட இன்னைக்கு இருநூறு கிராம் கம்மி" என்று பதில் சொல்லக்கூடியவர். இதற்கு முன்னால் முகப்பூச்சு விற்றுக்கொண்டிருந்தவர். ஊட்டச்சத்தில் பட்டம் வாங்கியது நான். எங்கள் வம்சத்திலேயே கல்லூரிக்குள் மாணவியாக நுழைந்த முதல் ஆள். அதனால் இங்கே திட்டம் அவருடையது, கீழே போடுகிற கையெழுத்து என்னுடையது.

நேர்காணலில் அவர் என் சான்றிதழைத் திறக்கவே இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எப்போ சேர்றே?" என்றார். என் மதிப்பெண் அவ்வளவு பிரபலமாகிவிட்டதாக்கும் என்று ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் பார்த்தது என் இடுப்பை. வருகிற பெண்களிடம் என்னை நிறுத்திக் காட்டுவார். "பாருங்க, எங்க டயட்டீஷியன். நாங்க சொல்றதைத்தான் இவங்களும் சாப்பிடறாங்க." அப்போது என் எடை முப்பத்து நாலு கிலோ. நான் கற்றுக்கொண்ட அட்டவணைப்படி என் உயரத்துக்கு நாற்பது கிலோவாவது இருக்க வேண்டும். அந்த அட்டவணை அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில்தான் தொங்கியது.

அம்மாவிடம் என் வேலை என்னவென்று சொன்னபோது வெகுநேரம் யோசித்தாள். "அப்போ, சாப்பிடாம இருக்கறது எப்படின்னு சொல்லிக்குடுக்கிறதுக்கு அவங்க காசு குடுக்கறாங்க?"

"ஆமா."

"அடிப்பாவி. நான் ஊருக்கே வாத்தியாரா இருந்திருக்கணுமே!"

சம்பளம் வர ஆரம்பித்ததும் நான் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தேன். புத்தகத்தில் படித்ததைத்தான் செய்தேன். காலையில் பசியாற ஏதாவது, தினம் ஒரு முட்டை, பருப்பு, கீரை, கையில் கிடைத்த பழம். ஆறு மாதத்தில் நாலு கிலோ ஏறியது. மாடிப்படி ஏறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வருவது நின்றது. சீப்பில் வருகிற முடி குறைந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்களையும் எடை பார்ப்பார்கள். மேடம் என் எடையைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"இல்லையே மேடம்."

"அப்புறம் ஏன் இப்படி ஏறிக்கிட்டே போறே? கொஞ்சம் பார்த்துக்கோ. நீதானே நமக்கு முகம்."

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வினை என் வாயால்தான் வந்தது.

ஒருநாள் ஜவுளிக்கடைக்காரர் மனைவி, எங்கள் பழைய வாடிக்கையாளர், என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானாம்மா? அப்படி என்னதான் சாப்பிடுவே?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "காலைல பால் ஊத்தாத டீ. பஸ்ஸுக்குக் காசு இல்லாததால ஸ்கூலுக்கு நடை. மதியம் ஸ்கூல்ல போடற சோறு. ராத்திரி அம்மா வேலை பார்க்கிற வீட்டுல ஏதாவது மிஞ்சினா உண்டு. இல்லைன்னா வெந்நீர் குடிச்சிட்டுப் படுத்துக்குவோம்."

முகம் சுண்டிப்போகும் என்று எதிர்பார்த்தேன். அந்த அம்மா கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். "ஒரு நிமிஷம். வெந்நீர் எத்தனை டம்ளர்?"

மேடம் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வாரமே வழவழப்பான தாளில் அச்சாகி வந்துவிட்டது. பெயர் 'எளிமைத் திட்டம்'. காலை: பால் சேர்க்காத தேநீர், பிறகு வெறும் வயிற்றில் நடை. மதியம்: ஒரு கிண்ணம் சோறு, பலரோடு சேர்ந்து சாப்பிடுவது நலம். இரவு: விரும்பினால் சிறிதளவு உணவு, இல்லையெனில் வெந்நீர். நான் 'மிஞ்சினா உண்டு' என்றதை 'விரும்பினால்' என்று மாற்றிய அந்தக் கைக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். பட்டினிக்கும் விரதத்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு சொல்தானே.

நான் கையெழுத்துப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, போட்டேன். ஒன்றல்ல, இருபதுக்கு மேல். வயதில் பெரியவர்கள், வீட்டுக்குப் போனதும் எப்படியும் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கத்தான் போகிறார்கள், யாரும் சாகப் போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதுதான் முதல் காரணம்.

இன்றைக்கு வந்தவள் பெரியவள் இல்லை. பதினாலு வயது.

சனிக்கிழமை மதியம் மாதிரிச் சாப்பாடு நடக்கும். வாடிக்கையாளர்கள் மேசையில் உட்காருவார்கள், சமையலக்கா ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் போடுவாள், நான் அவர்களோடு சாப்பிட்டுக் காட்ட வேண்டும். என் எதிரே வங்கி மேலாளராக இருக்கும் ஓர் அம்மாவும் அவர் மகளும். மகளைப் பள்ளி நடனத்தில் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்களாம். பெண் இரண்டு மாதமாகத் தானாகவே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாளாம். அதை அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். அவள் வந்ததுமே நான் எடை பார்த்திருந்தேன். வயதுக்கும் உயரத்துக்கும் சரியான எடை. கண் இமையின் உட்பக்கம் வெளுத்திருந்தது. நகமும் அப்படியே. இரத்தம் குறைவு என்று சொல்ல எனக்குப் பட்டம்கூடத் தேவையில்லை. அந்த நிறத்தை வீட்டுக் கண்ணாடியில் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் டயட்டீஷியன் கையெழுத்து இல்லாமல் சேர்க்க முடியாது. மேடம் எளிமைத் திட்டத்தின் படிவத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே பேனாவையும் வைத்தார். "சாப்பிட்டுக்கிட்டே போட்டுடும்மா. இன்னைக்கே ஆரம்பிக்கறாங்க."

அந்தப் பெண் தன் தட்டிலிருந்த சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பருக்கைக்கும் இடையில் என் தட்டைப் பார்த்தாள். நான் எவ்வளவு மிச்சம் வைக்கிறேனோ அவ்வளவு அவளும் வைப்பாள் என்று தெரிந்தது. அப்போதுதான் கேட்டேன், இன்னும் ஒரு கரண்டி.

சமையலக்கா மேடத்தைப் பார்த்தாள். மேடம் சிரித்தார். "அவங்க எப்பவும் தமாஷ் பண்ணுவாங்க."

"தமாஷ் இல்லை மேடம். பசிக்குது. போடுங்கக்கா."

சமையலக்கா தராசைத் தாண்டிக் கையை நீட்டிப் போட்டாள். பருப்பையும் ஊற்றினாள். "சாப்பிடு கண்ணு. எனக்கே உன்னைப் பார்க்கச் சகிக்கலை" என்றாள், யாருக்கும் கேட்காது என்று நினைத்து. எல்லோருக்கும் கேட்டது.

அந்தப் பெண் மெல்லக் குனிந்து கேட்டாள்: "நீங்க கேட்டா போடுவாங்களா?"

"நீ கேட்டாலும் போடுவாங்க."

வங்கி அம்மாவுக்கு முகம் மாறியது. "ஏங்க, அவளுக்கு முன்னாடி இப்படிப் பேசாதீங்க. ரெண்டு மாசமா கஷ்டப்பட்டுக் கட்டுப்பாடா இருக்கா."

"அவ எடை சரியா இருக்குங்க. ரத்தம்தான் கம்மியா இருக்கு. வளர்ற பொண்ணு. மூணு வேளையும் வயிறாரச் சாப்பிடணும். முட்டை, பருப்பு, கீரை, பழம். ஓடியாடி விளையாடணும், நேரத்துக்குத் தூங்கணும். நாளைக்கே ரத்தத்தைப் பரிசோதிச்சிடுங்க. இதுக்கு நீங்க எங்ககிட்ட வரவே தேவையில்லை."

"ஆனா நீங்களே இந்தத் திட்டத்துலதானே வளர்ந்தீங்க? அப்படித்தான் சொன்னாங்க. நல்லாத்தானே இருக்கீங்க?"

வாயில் சோறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன். "நான் வளரலைங்க. அதுதான் சங்கதி. எழுந்து நின்னா உங்க பொண்ணு என்னைவிட உயரம். நான் வயசுக்கு வந்ததே பதினேழுல. காலேஜ்ல பிரேயர்ல நிக்க முடியாம மூணு தடவை விழுந்திருக்கேன். இது திட்டமே இல்லை. எங்க வீட்டுல சோறு இல்லை, அவ்வளவுதான். அதை நான் கோபத்துல சொன்னேன், இவங்க அச்சடிச்சிட்டாங்க."

மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை அம்மா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாம்மா, பேசலாம்" என்றார் மேடம். உதடு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"இங்கயே பேசுங்க மேடம்."

"வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?"

நேற்று வரை இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், 'இந்தப் பெண் எடை குறைக்கத் தேவையில்லை. இரத்தப் பரிசோதனை அவசியம்' என்று எழுதி, தேதி போட்டு, தாளை வங்கி அம்மாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு மேடத்திடம் திரும்பி, "வேற டயட்டீஷியன் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"திங்கட்கிழமை வந்துடுவாங்க. ஏற்கெனவே பேசி வெச்சிருக்கேன்." மேடத்திடமிருந்து பதில் பட்டென்று வந்தது. எனக்கு நாலு கிலோ ஏறினபோதே வேறு ஆள் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

நான் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அவசரப்படவில்லை. கை கழுவிவிட்டுத் திரும்பியபோது அந்தப் பெண் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "எனக்கும் கொஞ்சம்" என்றாள், சமையலக்காவைப் பார்த்து இல்லை, தன் அம்மாவைப் பார்த்து.

வங்கி அம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார், மகளுடைய நகத்தைப் பார்த்தார். "அரைக் கரண்டி" என்றார் சமையலக்காவிடம்.

சமையலக்காவுக்குக் கணக்கு வராது. ஒரு முழுக் கரண்டி போட்டாள்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். வரவேற்பு மேசைக்காரி பிஸ்கட்டை மறைக்கக்கூட மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே ஜவுளிக்கடை அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. ஏதோ மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து நின்றேன்.

"போறதுதான் போறே, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போம்மா. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டும் உனக்கு எப்படி உடம்பு போடலை?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதையும் அச்சடித்துவிடுவார்கள். அவர் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கதவைத் திறந்து, படியிறங்கினேன்.